இசக்கி ஆன் டூட்டி

"ஏம் புள்ள, நீ எச்ஓடிக்கு லவ் லெட்டர் எழுதினியா?"

கேட்டது கோகிலவாணி. இசக்கியின் அறைத்தோழி, கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கேட்ட இடம் விடுதிச் சாப்பாட்டுக்கூடம், காலை ஏழரை மணி. இசக்கி இட்லியைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தாள்.

"யாரு, நானா? அந்த மனுசனுக்கா? அவரு மூஞ்சியப் பாத்தா எனக்கு லீவு லெட்டரே எழுத வராது."

"அப்ப இது யாரு?"

கோகிலா போனை நீட்டினாள். உள்ளேயிருந்து இசக்கியின் குரல் வந்தது. அதே திசையன்விளைப் பேச்சு, வாக்கியம் முடியும் இடத்தில் கொஞ்சம் மேலே ஏறும் அதே இழுப்பு.

"அன்புள்ள சாருக்கு, ஒங்க மண்ணு கிளாஸ்ல உக்காந்தா எனக்கு நெஞ்சுக்குள்ள ஊத்துத் தண்ணி பொங்குதுல்லா..."

அதற்குக் கீழே வரிசையாக நூறு நூற்றைம்பது சிரிப்புப் பொம்மைகள்.

"கொரலு என்னோடதுதான்" என்றாள் இசக்கி. "ஆனா நான் பேசல."

"நீ பேசலீன்னு எனக்குத் தெரியும். இது உன்ற டூப்பு. எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்."

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டூப்பு உண்டு. நிர்வாகம் வைத்த பெயர் 'கற்றல் இணை'. அந்தப் பெயரை நிர்வாகத்தைத் தவிர யாரும் சொல்வதில்லை. வகுப்பறை மைக்குகள் மாணவர் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவருக்கு எது புரிந்தது, எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துப் பார்த்து, அவரைப் போலவே பதில் சொல்லும் ஒன்றைக் கட்டிவிடும். அறுபது பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து வாய்மொழித் தேர்வு நடத்த எந்த ஆசிரியருக்கு நேரம் இருக்கிறது? டூப்பைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அது எங்கே உளறுகிறதோ, மறுநாள் அங்கிருந்து பாடம். நல்ல ஏற்பாடுதான், பெற்றோர் கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கியது. ஒரு பெண்ணின் டூப்பை ஒருவன் பிரதி எடுத்துக்கொண்டு போய் அரட்டைக் குழுவில் உட்கார வைத்தால் என்ன செய்வீர்கள் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

குழுவின் பெயர் 'இசக்கி ஆன் டூட்டி'. உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். தொடங்கியவன் நிதின்பிரசாத், அதே மண்ணியல் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. வீட்டிலிருந்தே வரும் கோவைக்காரன், கெட்டிக்காரன், வகுப்பையே சிரிக்க வைப்பவன். முதல் வாரமே இசக்கி எழுந்து, "சார், எங்க ஊர் தேரிச் செம்மணல்ல பெய்யுத மழை எங்கன போயி ஒளியுது?" என்று கேட்டபோது, "ஒளியுதா? போலீசுக்குச் சொல்லுங்க சார்" என்றவன் அவன்தான். அன்று இசக்கியும் சேர்ந்துதான் சிரித்தாள். நல்ல ஜோக்குதானே.

இது அப்படி இல்லை.

"இசக்கி, 'சொல்லுதேன்'னு பத்து தடவ சொல்லு."

"இசக்கி, எஸ்கலேட்டர் பாத்து பயந்த கதையச் சொல்லு."

"இசக்கி, எங்க ஹாஸ்டல் நாய்க்கு ஒரு தாலாட்டுப் பாடு."

டூப்பு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. அதற்கு மானமும் கிடையாது, சலிப்பும் கிடையாது. எதைக் கேட்டாலும் பரீட்சைக்குப் பதில் சொல்வதைப்போல ஒழுங்காகச் சொன்னது.

மூன்றாம் நாள் நடந்ததுதான் இசக்கியைக் குத்தியது. காலை வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம், "பைய பேசுட்டி, சார் பாக்காரு" என்றாள். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவனின் போனில் டூப்பு, "பைய பேசுட்டி" என்றது. வகுப்பில் அவள் வாயைத் திறந்தால் அது மத்தியானத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவளே அவர்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இசக்கி பேசுவதை நிறுத்தினாள்.

வருகைப் பதிவுக்குக் கையைத் தூக்கினாள். கேள்வி கேட்டால் தலையை ஆட்டினாள். ஒன்பது நாள். வகுப்பில் பேசாத வாய் வெளியிலும் பேச மறந்தது. பஸ் நடத்துநரிடம் நிறுத்தத்தின் பெயரைப் போனில் எழுதிக் காட்டினாள்.

"உன்ற செமினார் அடுத்த மாசம்" என்றாள் கோகிலா. "இருவது நிமிசம் நின்னு பேசோணும். டூப்பெல்லாம் செல்லாது. பேசலீன்னா இந்த செமஸ்டரே போச்சு. தெரியுமா, தெரியாதா?"

தலையாட்டல்.

"வாயத் தொறந்து சொல்லு."

"தெரியும்" என்றாள் இசக்கி. ஒன்பது நாளில் கோகிலா கேட்ட முதல் சொல் அதுதான். "எங்க அப்பா போன் பண்ணினாவ. கொரலு சரியில்லையே, வந்துரு பிள்ள, டிசி வாங்கிக்கிடலாம்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"பாப்போம்னேன்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "சவம், எதுக்குட்டி நான் போகணும்? என் வாய எடுத்துக்கிட்டுப் போனவன் அங்கன உக்காந்து கேண்டீன்ல பப்ஸ் திங்கான். நான் எதுக்குப் பெட்டி கட்டணும்?"

"அப்படிக் கேளு அம்மிணி!"

இருவரும் அன்றே கணினி மையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த ஹபீபுக்கு முப்பது வயது இருக்கும். கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. பிரதி எடுத்தது அவன் காவலில் இருந்த சர்வரிலிருந்து அல்லவா.

"அண்ணா, அழிச்சிருங்க" என்றாள் கோகிலா.

"இங்க இருக்கறத அழிக்கலாம். அவன் எடுத்துட்டுப் போனத நான் எப்படிம்மா அழிப்பேன்? பத்து இடத்துல வெச்சிருப்பான்." ஹபீப் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், திடீரென்று நாற்காலியை முன்னால் இழுத்தான். "அட. இவன் இணைப்ப அறுக்கவே இல்லையே."

"என்ன இணைப்பு?"

"பிரதி எடுத்தவன் புத்திசாலியா இருந்தா உடனே நம்ம சர்வர்லேர்ந்து துண்டிச்சிருப்பான். ஆனா துண்டிச்சா டூப்பு பழசாயிடும். அதே பத்து டயலாக்கையே பேசும். ஒரு வாரத்துல சலிச்சிடும். நீங்க இன்னிக்கு சொன்னது இன்னிக்கே வேணும் இவனுக்கு. அதுக்காக இணைப்ப விட்டு வெச்சிருக்கான்."

"அதனால என்ன அண்ணே?" என்றாள் இசக்கி.

"இணைப்பு இருக்கற வரைக்கும் அதுக்கு நீங்கதான் முதலாளி. ஒரு வசதி இருக்கு. தேர்வுல டூப்பு உளறினா, மாணவரே அத எழுப்பி விட்டுட்டு அந்த இடத்துல உக்காந்து பதில் சொல்லலாம். இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் தொட்டதில்ல. எவன் தானா வந்து வைவாவுல மாட்டிக்குவான்?"

"நான் உக்காந்தா அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அதே பேரு, அதே குரல். நீங்க எப்ப உக்காந்தீங்க, எப்ப எழுந்தீங்கன்னு நம்ம சர்வர்ல மட்டும் விழும்." ஹபீப் தயங்கினான். "ஆனா அங்க கேக்கறதையெல்லாம் நேரடியா காதுல வாங்கணும். முடியுமா?"

"இப்ப மட்டும் எங்கன வாங்காம இருக்கேன்?" என்றாள் இசக்கி. "அது பதில் சொல்லி நான் கேக்கதுக்கு, நானே சொல்லிட்டுப் போறேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுப் பெஞ்சில், போனைக் கையில் பிடித்துக்கொண்டு இசக்கி தன் டூப்பின் நாற்காலியில் உட்கார்ந்தாள். காவலுக்குக் கோகிலா.

முதல் கேள்வி வந்தது. "இசக்கி, ஏசிக்கு உங்க ஊர்ல என்ன பேரும்மா?"

இசக்கி தொண்டையைச் செருமினாள். "எங்க ஊர்ல அதுக்குக் காத்துன்னு பேரு. சும்மா வரும். ஒங்க ஊர்ல பெட்டிக்குள்ள அடச்சு விக்காவ."

குழுவில் பதில்கள் மடமடவென்று கொட்டின. "மச்சி, டூப்பு பஞ்ச் அடிக்குது!" "அப்டேட் ஆயிருச்சுடா!"

"இசக்கி, 'சொல்லுதேன்'னு பத்து தடவ சொல்லு."

"ஒரு தடவ சொல்லுதேன், மிச்சம் ஒம்பதும் சொன்னதா வச்சுக்கோ. நீ பாஸானத நாங்க அப்படித்தான் வச்சுக்கிட்டோம்."

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து மத்தியானம் ஒரு மணி நேரம், சாயங்காலம் நான்கிலிருந்து ஆறு. மற்ற நேரமெல்லாம் டூப்பு. வந்தவர்களில் சிலர் கேலியை விட்டுவிட்டு வேறு கேட்க ஆரம்பித்தார்கள். "இசக்கி, நாளைக்கு டெஸ்டு, மண்ணோட ஈரம் எப்படிக் கணக்குப் போடறது?" இசக்கி சொல்லிக்கொடுத்தாள். ஈர மண்ணை எடை போடு, அடுப்பில் காய வை, மறுபடி போடு, குறைந்ததுதான் தண்ணீர். பேசப் பேச நாக்கு இளகியது. தேரி மணலில் மழை எங்கே போய் ஒளிகிறது என்று யாரோ விளையாட்டாகக் கேட்டதற்கு, கால் மணி நேரம் நிறுத்தாமல் பதில் சொன்னாள். முக்கால்வாசி செமினார் அங்கேயே தயாராகிவிட்டது.

அந்த இரண்டாம் நாள் நான்கு மணிக்கு ஒருவன் தனி அறைக்கு வந்தான். குழுவில் யாரும் பார்க்காமல் டூப்போடு பேசலாம் என்று அப்படி ஓர் இடம் இருந்தது. வந்தவன் நிதின்பிரசாத்.

"இசக்கி, நீ மெஷின்தான?"

அவள் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "சரி, விடு. யார்கிட்டயும் சொல்ல முடியாத ஒண்ணு. ரெண்டு அரியர் வெச்சதுலேர்ந்து எங்கப்பா என்கூடப் பேசறதில்ல. ஏழு மாசமாச்சு. சாப்பிடற எடத்துல எதிர்லயே உக்காந்திருப்பேன். 'அவன சட்னி எடுத்துக்கச் சொல்லு'ன்னு எங்கம்மாகிட்ட சொல்வாரு. நேத்து தட்ட அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்."

பெஞ்சில் கோகிலா கண்ணை விரித்தாள். இசக்கி போனையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இன்னைக்குச் சாப்பிட்டியா?"

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.

"இல்ல" என்றான்.

"கேண்டீன் தொறந்துதான் இருக்கு. போயிச் சாப்புடு. மிச்சத்த அப்புறம் சொல்லு."

அவன் போனான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான்.

"இத அப்படியே தூக்கி குரூப்ல போடு புள்ள" என்றாள் கோகிலா. "சட்னி கதை. நானூறு பேரும் நாளைக்கு அவன சட்னின்னுதான் கூப்புடுவாங்க. ஒரே நாளு, ஆளு ஊர விட்டே ஓடிருவான்."

"போட மாட்டேன்."

"ஏன்? உனக்கு அவன் என்ன பண்ணினான்னு மறந்துட்டியா?"

"மறக்கல. ஆனா இது என்ட்ட சொன்னதுட்டி."

"உன்கிட்டயா சொன்னான்? மெஷின்கிட்ட சொன்னான்!"

"நாற்காலில உக்காந்திருந்தது யாரு? நாந்தான? நானும் ஒரு ஆளுன்னு நானே நெனைக்கலைன்னா அவன் எப்படி நெனைப்பான்?"

கோகிலா கோபத்தில் இரண்டு நாள் தனியாகச் சாப்பிடப் போனாள்.

பதினொன்றாம் நாள் சாயங்காலம், குழுவில் ஒருத்தி கேட்டாள். "டேய், ஒரிஜினல் இசக்கி செத்துப்போனா இந்த டூப்பு இருக்குமா?"

நிதின் எழுதினான்: "இருக்கும். ஒரிஜினலவிட இதுதான் நல்லாப் பேசுது. ஒரிஜினல் எதுக்கு?"

முந்நூறு பேர் சிரித்தார்கள். சரியாக அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவன் தனி அறையில், அப்பா தன் பிறந்தநாளுக்கும் பேசவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

முதல் தடவையாக டூப்பின் நாற்காலியிலிருந்து பதில் வரவில்லை. இசக்கி போனை அணைத்தாள். பிறகு எழுந்து, மாணவர் நலத்துறை டீன் லிடியா மேடத்தின் அறைக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

விசாரணை அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் லிடியா மேடம், பதிவாளர். இந்தப் பக்கம் ஓர் ஓரத்தில் நிதின். இன்னோர் ஓரத்தில் இசக்கி, சாட்சிகளாகக் கோகிலாவும் ஹபீபும்.

நிதின் நன்றாகத் தயாராகி வந்திருந்தான். "மேடம், நாங்க யாரையும் ஒண்ணும் பண்ணலைங்க. விதி பதினாலு 'சக மாணவரைத் துன்புறுத்துதல்'னு சொல்லுது. டூப்பு மாணவர் இல்லைங்க, மென்பொருள். மென்பொருள அனுமதியில்லாமப் பிரதி எடுத்தது தப்பு. அதுக்கு என்ன எச்சரிக்கையோ குடுங்க, ஒத்துக்கறேன். ஆனா நாங்க கிண்டல் பண்ணினது ஒரு மெஷினத்தாங்க. அதுக்கு வலிக்காது."

பதிவாளர் தலையாட்டினார். "விதிப்படி பையன் சொல்றது சரிதான் மேடம். எழுதின வார்த்தை அப்படித்தான் இருக்கு."

"இசக்கி?" என்றார் லிடியா மேடம்.

இசக்கி எழுந்து நின்றாள். அறை மூலையில் மைக் இருந்தது. ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"மேடம், புகார் குடுக்கதுக்கு முந்தின பதினோரு நாளு, மத்தியானம் ஒண்ணுல இருந்து ரெண்டு, சாயங்காலம் நாலுல இருந்து ஆறு, அங்கன இருந்தது டூப்பு இல்ல. நான். அவங்க கேட்டதெல்லாம் என் காதுலதான் கேட்டாவ. நான் வாயால பதில் சொன்னேன். ஹபீப் அண்ணன்ட்ட நேரம் எல்லாம் இருக்கு."

ஹபீப் காகிதத்தை நீட்டினான். லிடியா மேடம் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். "'ஒரிஜினல் எதுக்கு'ங்கறது... சாயங்காலம் ஐந்து நாற்பது."

"ஆமா மேடம். நாந்தான் இருந்தேன்."

பதிவாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது சரிம்மா. ஆனா அவனுக்குத் தெரியாதே? மெஷின்னு நெனச்சுத்தான பேசியிருக்கான். தெரியாமச் செஞ்சதுக்கு எப்படி விதி பதினாலு போடறது?"

நிதின் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தான். கோகிலா இசக்கியின் முழங்கையை இடித்தாள். கொஞ்சமாக இடிக்கவில்லை.

"அவனுக்குத் தெரியும்ங்கறதுக்கு ஏதாவது வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார் லிடியா மேடம்.

"அவன் தனியா வந்து பேசினது இருக்கு மேடம். ஆனா அதக் காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"அது அவன் என்ட்ட சொன்னது. இங்க நடக்கதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"காட்டலைன்னா இது எச்சரிக்கையோட முடிஞ்சுடும். குரூப்பை நாளைக்கு வேற பேர்ல தொடங்குவாங்க. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் மேடம்."

அவள் உட்கார்ந்தாள். பதிவாளர் எழுதத் தொடங்கினார். நிதின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வரி எழுதி முடித்து அவர் அடுத்த வரிக்கு வந்தபோது அவன் எழுந்து நின்றான்.

"சார், எழுதாதீங்க."

"என்னப்பா?"

"எனக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"அது இசக்கின்னு தெரியும். ரெண்டாவது நாள்லேர்ந்தே." "டூப்பு பதில்தாங்க சொல்லும். கேள்வி கேக்காது. கேக்கறதுக்கு அதுல எடமே கெடையாது, நான் பிரிச்சுப் பாத்திருக்கேன். அன்னிக்கு நான் வீட்டுக் கதை ஒண்ணு சொன்னேன். அது, சாப்பிட்டியான்னு கேட்டுச்சு."

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்ச பிறகுதான் அதை எழுதினியா? ஒரிஜினல் எதுக்குன்னு?" என்றார் லிடியா மேடம்.

"ஆமாங்க."

"ஏன்?"

"நானூறு பேர் பாத்துட்டிருந்தாங்க மேடம்" என்றான். அதைவிட நல்ல காரணம் ஒன்று தன்னிடம் இருக்குமா என்று தேடுகிறவனைப்போலக் கொஞ்ச நேரம் நின்றான். கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

பதிவாளர் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். விதி பதினான்கு. ஒரு செமஸ்டர் நீக்கம். பிரதிகள் எல்லாம் ஹபீபின் கண்முன்னே அழிக்கப்பட வேண்டும். நிதின் கையெழுத்துப் போட்டான். வெளியே போகும்போது இசக்கியின் பக்கம் திரும்பினான்.

"வீட்டுக்குப் போ" என்றாள் இசக்கி. "போயி, அம்மாட்ட சொல்லாம நேரே அவர்ட்ட சொல்லு."

அவன் போனதும் லிடியா மேடம் ஹபீபின் காகிதத்தை மறுபடியும் எடுத்தார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பியவர் அங்கேயே நின்றார்.

"ஹபீப், இது என்ன பட்டியல்?"

"அந்த இணைப்பு வழியா நம்ம சர்வர்ல விழுந்தது மேடம், தனி அறைக்கு யார் யார் எப்ப வந்தாங்கன்னு. பேசினது இருக்காது, நேரம் மட்டும்தான்."

"நிதின் ஒன்பது தடவை வந்திருக்கான். ஒன்பதும்..." அவர் முதல் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "எல்லாம் இவ உக்காந்திருந்த நேரத்துல."

"ஆமா மேடம். மொதல் தடவ மட்டும் தற்செயல்" என்றாள் இசக்கி. "அதுக்குப் பொறவு டூப்பு இருக்கற நேரத்துல அவன் ஒரு நாளும் வரல. நாலு மணி ஆகட்டும்னு காத்துக்கிடந்து வருவான்."

"அப்ப அவனுக்குத் தெரியும்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் மேடம்."

"இந்த ஒரு பக்கம் போதுமே! அவன் ரகசியத்தத் தொடாமலே நிரூபிச்சிருக்கலாமே. ஏன் அப்பவே காட்டல?"

"காட்டிருந்தா அவன் மறுத்துருப்பான் மேடம். நல்லாப் பேசுவான். நேரம் தற்செயலா ஒத்துப்போச்சும்பான். சாரும் எழுதிக்கிடுவாவ." இசக்கி பதிவாளரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "காகிதம் எங்கயும் போயிராது, அங்கனதான இருக்கு. அவனா சொல்லுதானான்னு மொதல்ல பாப்போம்னு இருந்தேன்."

"சொல்லலைன்னா?"

"ரெண்டாம் பக்கத்தத் திருப்புங்கன்னு சொல்லிருப்பேன்."

பதிவாளர் பேனாவை மூடிவிட்டு அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கோகிலா, "அடிப்பாவி, என்கிட்டக்கூடச் சொல்லலீயே!" என்று உரக்கவே சொல்லிவிட்டாள். மேடம் இருப்பது பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

லிடியா மேடம் காகிதங்களை ஒன்றாக அடுக்கினார். "திங்கள்கிழமை உன் செமினார். உனக்குச் சங்கடமா இருந்தா, அந்த ஹால்ல மைக்கை அணைச்சு வைக்கச் சொல்றேன்."

இசக்கி யோசித்தாள். அதிக நேரம் யோசிக்கவில்லை.

"வேண்டாம் மேடம், இருக்கட்டும். மழை எங்கன போயி ஒளியுதுன்னு டூப்புக்கு இன்னும் சரியாத் தெரியாது. நான் பேசுததக் கேட்டுப் படிச்சுக்கிடட்டும்."